பழைய பெட்டி, சீரியல் போர்ட், பிபிஎஸ்: வடசென்னை வீட்டிலிருந்து டயல்-அப் காலத்து இணையத்துக்குள்

முதலில் ஒரு ஆசையை விட்டுவிட வேண்டும். வீட்டு லேண்ட்லைனில் மோடத்தைச் செருகி, நம்பரைப் போட்டு, கீச்சுக் கீச்சென்று கத்தவிட்டு இன்டர்நெட்டுக்குள் போவது இனி நடக்காது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது முதல் வரிசை நகரங்களில் சென்னையும் இருந்தது. அந்தக் கதவு இப்போது மூடியாகிவிட்டது. லேண்ட்லைன் வைத்திருக்கும் வீட்டிலும் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் பெட்டி மாட்டுகிறார்கள். அதன் போன் ஜாக்கில் குரல் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகிறது. ஒரு பாக்கெட் தாமதமாக வந்தால் பேசுகிறவருக்குத் தெரியாது. மோடத்துக்குத் தெரியும், உடனே இணைப்பு அறுந்துவிடும்.

மோடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த உலகம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிய சிபிபிஎஸ்-இன் வாரிசுகளான பிபிஎஸ்கள் (தொலைவிலிருந்து நுழைந்து செய்தி எழுதவும் கோப்பு எடுக்கவும் உதவும் எழுத்துத் திரை அறிவிப்புப் பலகைகள்) இன்றும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. போன் நம்பருக்குப் பதிலாக டெல்நெட் (இணையம் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் எழுத்து வடிவில் நுழையும் பழைய முறை) முகவரி, அவ்வளவுதான் மாற்றம். ஆக நமக்கு வேண்டியது போன் லைன் இல்லை. பழைய பெட்டியின் சீரியல் போர்ட்டை வீட்டு வைஃபையோடு பேசவைக்க ஒரு சாமான்.

கீழே வரும் கட்டளைகளையெல்லாம் வாயால் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறது. கீபோர்டில் ஆங்கில எழுத்தாக, நடுக்கோடோ இடைவெளியோ இல்லாமல் அடிக்கவும்.

பெட்டி

பென்டியம் 2, பென்டியம் 3, ஆரம்பகால பென்டியம் 4 எதுவும் சரி. பின்பக்கம் ஒன்பது பின் நீட்டிக்கொண்டிருக்கும் சீரியல் போர்ட் இருக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது. 15 ஓட்டை உள்ளது மானிட்டருக்கு, 25 ஓட்டை உள்ளது பிரின்டருக்கு. கடைக்காரர் எதைக் காட்டி "இதான் சார் சீரியல்" என்றாலும் பின்னை எண்ணிப் பாருங்கள்.

தேட வேண்டிய இடம் ரிச்சி தெரு, மூர் மார்க்கெட், பிறகு நம்ம பக்கத்துக் காயலாங்கடைகள். ரிச்சி தெருவுக்கு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். காயலாங்கடையில் எடைக்குத்தான் போடுவார்கள் என்பதால் ரேமும் புராசஸரும் முன்பே உருவப்பட்டிருக்கும். அங்கேயே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். புராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டு வேண்டாம். 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இந்த நோய் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகுவதற்கு முன், உள்ளே மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறமுள்ள சின்னச் சிவப்பு ஸ்விட்சைப் பாருங்கள். அது 230-இல் இருக்க வேண்டும். 115-இல் இருந்தால் போட்ட நொடியில் வெடிச் சத்தம்தான். அடுத்து போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதியும் ஹார்டு டிஸ்க் விவரமும் மறந்துபோகும். ஆன் செய்ததும் வரிசையாக பீப் அடித்து நின்றால் பெரும்பாலும் ரேம். கழற்றி, தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: உப்புக்காற்று. வாங்கும்போது பளபளவென்று இருந்த சீரியல் பின் நாளடைவில் பச்சை பூத்துவிடும். அப்போது வருகிற கோளாறு நேராக வராது. இணைப்பு கிடைக்கும், நடுவில் எழுத்து சிதறும், கேபிளை ஆட்டினால் சரியாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் போதும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஓதம் தங்காது. வியாசர்பாடி, புளியந்தோப்பில் தரைத்தள வீடு என்றால் மழைத் தண்ணீர் புகும், சிபியுவைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை நம்ப வேண்டாம். கேமராவில் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டையும் அதற்கான ஐடிஇ அடாப்டரையும் மாட்டினால் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. 4 அல்லது 8 ஜிபி தாராளம். பெட்டியைத் தொடங்கிவைக்கும் பழைய பயோஸ் பலவற்றுக்கு 32 ஜிபிக்கு மேல் கண் தெரியாது. விண்டோஸ் 98 போடுவதானால் ரேம் 512 எம்பியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் "நினைவகம் போதவில்லை" என்று தலைகீழாக அழும். பிபிஎஸ்ஸுக்கு மட்டும் என்றால் விண்டோஸுக்கு முந்தைய எழுத்துத் திரை இயங்குதளமான வெறும் டாஸே போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

வைஃபை மோடம்

இஎஸ்பி8266 என்ற சின்ன போர்டில் ஜிமோடம் என்னும் இலவச ஃபர்ம்வேரை ஏற்றினால் அது பழைய ஹேய்ஸ் மோடம் மாதிரியே நடிக்கும். கம்ப்யூட்டருக்கு அது மோடம், ரவுட்டருக்கு அது இன்னொரு வைஃபை சாதனம். விண்டோஸ் 98-க்கு டபிள்யுபிஏ2 பாஸ்வேர்டு புரியாது என்ற தலைவலியும் இதோடு தீர்ந்தது.

இஎஸ்பி போர்டை நேராக சீரியல் போர்ட்டில் கோக்காதீர்கள். அது 3.3 வோல்ட் ஜீவன். சீரியல் போர்ட்டில் கூட்டலிலும் கழித்தலிலும் 12 வோல்ட் வரை ஆடும். நடுவில் மேக்ஸ்3232 மாற்றி போர்டு கட்டாயம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவு போர்டுகளில் அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். "கொஞ்சம் பொறு" என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இருக்காது. அப்படியென்றால் வேகத்தை 9600-இல் நிறுத்துங்கள். நான்கு கம்பியும் இருந்தால் 115200 வரை போகலாம். 486-க்கு முந்தைய பெட்டிகளில் 8250 அல்லது 16450 சீரியல் சிப் இருக்கும். அதில் பஃபர் கிடையாது, கம்பி எத்தனை இருந்தாலும் வேகம் கூடினால் எழுத்து விழுங்கும்.

டெர்மினல் புரோகிராமில் (மோடத்துக்குக் கட்டளை அடித்துப் பதிலைப் பார்க்கும் மென்பொருள்) வேகத்தை வைத்து, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அமைத்து, ஏ-டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று வர வேண்டும். குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை: 1200, 9600, 115200 என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும்.

பிறகு ஏ-டி-டபிள்யு, மேற்கோள் குறிக்குள் வைஃபை பெயர், கமா, பாஸ்வேர்டு மூன்றும். இணைந்ததும் ஏ-டி-&-டபிள்யு அடித்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் கரன்ட் போய் வரும்போதெல்லாம் மறுபடியும் அடிக்க வேண்டிவரும். இங்கே சிக்கினால் பழி ரவுட்டர் மேல்தான்: இஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அல்லது டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருந்தால் மாற்றுங்கள்.

டயல் செய்ய ஏ-டி-டி-டி, மேற்கோளுக்குள் முகவரி, முக்காற்புள்ளி, போர்ட் எண் மூன்றும். சாதாரண டெல்நெட்டுக்கு 23. பல பிபிஎஸ்கள் வேறு எண்ணில் இருக்கும். டெல்நெட் பிபிஎஸ் கைடு என்ற பட்டியலில் முகவரிகள் கிடைக்கும். முதல் முறைக்கு சிங்க்ரோநெட் மென்பொருளின் தாய்வீடான வெர்ட்ராவன் நல்ல தேர்வு. பாதியில் வெளியேற ஒரு நொடி கையை எடுத்துவிட்டு, மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு நொடி சும்மா, பிறகு ஏ-டி-ஹெச். அந்த ஒரு நொடி மௌனம் இல்லாவிட்டால் கூட்டல் குறி மூன்றும் எதிர்முனைக்குச் செய்தியாகப் போய்விடும்.

உள்ளே போனபின்

பிபிஎஸ் திரைகள் டாஸின் 437 எழுத்துத் தொகுப்பில் வரையப்பட்டவை. டாஸில் டெலிக்ஸ் அல்லது டெலிமேட் என்ற டெர்மினல் புரோகிராமை ஓட்டினால் கட்டங்களும் நிழல்களும் வரைந்தவர் நினைத்தபடி தெரியும். விண்டோஸ் 98-இன் ஹைப்பர்டெர்மினலில் கோடுகளுக்குப் பதில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் ஃபான்ட்டை டெர்மினல் என்பதற்கும் எமுலேஷனை ஆன்சிக்கும் மாற்றுங்கள். ஹைப்பர்டெர்மினல் வேலைக்கு ஆகும், ஆனால் நிறம் மங்கல், ஓட்டம் மந்தம்.

தமிழில் அடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. யூனிகோடில் ஒரு "த" மூன்று பைட். அது டாஸ் திரையில் ஓர் ஆல்ஃபா, ஓர் இரட்டைக் கோணக்குறி, தலையில் நெளி போட்ட ஓர் என் என்று மூன்று உருவமாக விழும். 1990-களின் இறுதியில் வந்த டிஎஸ்சிஐஐ என்ற தமிழ் எழுத்துக் குறியீடு எட்டு பிட்டுக்குள் அடங்கியது. இரண்டு முனையிலும் அதே ஃபான்ட் இருந்தால் விண்டோஸ் 98-இல் ஐஆர்சி என்ற எழுத்து அரட்டையில் தமிழ் பேசலாம். பிபிஎஸ்ஸில் எல்லாரும் அந்த 437 தொகுப்பிலேயே நிற்பதால் அது எடுபடாது. தங்கிலீஷ்தான் வழி.

டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்பட்டமாகப் போகும். வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். உண்மைப் பெயர் கேட்கும் பிபிஎஸ்களும் உண்டு, காரணம் பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபைடோநெட்டின் பழைய வழக்கம்; போன் நம்பர் கேட்கும் பெட்டியில் சுழியங்களை நிரப்பினால் போதும். பதில் உடனே வராது, இரண்டு மூன்று நாள் ஆகும். நேரடி அரட்டைக்கு ஆள் வேண்டுமென்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி நமக்கு மறுநாள் காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. பால் வாங்கப் போகும் நேரத்தில் அங்கே கூட்டம்.

கோப்பு இறக்குவதானால் இசட்மோடம் என்ற முறையை டெர்மினலில் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என்ற மென்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்து வையுங்கள். அந்தக் குறிகள் கோப்புக்குள்ளேயே வந்தால் டெர்மினல் குழம்பி நின்றுவிடும்.

சொந்தமாக பிபிஎஸ் நடத்தும் எண்ணம் வந்தால், லோக்கல் கேபிள்காரர் தரும் பிராட்பேண்டில் அனேகமாக ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டிருக்கும். வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. தனி ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வாடகை சர்வர் ஒன்றில் வைக்க வேண்டும்.

ராஸ்பெரி பை வழி

பிபிஎஸ் தாண்டி ஐஆர்சி, யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்கள் எல்லாம் வேண்டுமென்றால் இதுவே சிறப்பு. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் (சுருக்கமாகப் பை) யுஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகி, அதில் லாகின் கேட்கும்படி சீரியல்-கெட்டி சேவையை ஓடவிட்டு, பழைய பெட்டியை வெறும் திரையாக்கிவிடலாம். இங்கே இரண்டும் கம்ப்யூட்டர் என்பதால் நல்-மோடம் கேபிள் வேண்டும். நேர் கேபிள் போட்டால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், இரண்டும் கேட்காது. குறியாக்கச் சுமையைப் பை ஏற்றுக்கொள்வதால் லிபெரா சாட் போன்ற ஐஆர்சி நெட்வொர்க்குக்கு இர்சி என்ற அரட்டை மென்பொருள் வழியாக 6697 போர்ட்டில் பாதுகாப்பாகப் போகலாம்.

சத்தம் கேட்டே ஆக வேண்டுமா

இரண்டு வெளி மோடம் வாங்கி, அவற்றை ஒன்றோடொன்று போன் கேபிளால் இணைக்க வேண்டும். உள்ளே செருகும் பிசிஐ மோடம்களில் பெரும்பாலானவை விண்டோஸ் டிரைவர் இல்லாமல் அசையாதவை, டாஸில் வேலைக்காகாது. அடாப்டர் தொலைந்திருந்தால் மோடத்தின் அடி லேபிளைப் படியுங்கள். யுஎஸ் ரோபோடிக்ஸ் போன்ற சிலவற்றுக்கு டிசி அல்ல, ஏசி வெளியீடு தரும் அடாப்டர் வேண்டும்.

போன் கேபிளின் நடு இரண்டு கம்பிகளில் ஒன்றை வெட்டி, வெட்டிய இடத்தில் 9 வோல்ட் பேட்டரியையும் 390 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகச் சேருங்கள். மற்றொரு கம்பி நேராகப் போகட்டும். எக்ஸ்சேஞ்ச் தரவேண்டிய லைன் கரன்ட்டை இது தருகிறது. மணி அடிக்க வழியில்லாததால் ஒரு பக்கம் ஏ-டி-எக்ஸ்-3-டி என்றும், உடனே மறுபக்கம் ஏ-டி-ஏ என்றும் அடியுங்கள். எக்ஸ்-3 என்றால் டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று பொருள். அதை விட்டால் "நோ டயல்டோன்" என்று முரண்டு பிடிக்கும். முதலில் 2100 ஹெர்ட்ஸ் பதில் ஒலி, பிறகு லைனைச் சோதிக்கும் இரைச்சல், பிறகு கனெக்ட்.

33600-க்கு மேல் வராது. 56கே எனப்படும் வி.90 வேகத்துக்கு ஒரு முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு முனையும் அனலாக். ஒரு மோடத்தைப் பையில் மாட்டி அதில் டயல்-அப் இணைப்பை ஏற்கும் பிபிபிடி என்ற மென்பொருளை ஓடவிட்டால், விண்டோஸ் 98-இன் டயல்-அப் நெட்வொர்க்கிங்கில் நம்பர் கட்டத்தில் எதையாவது போட்டு, "டயல் செய்யுமுன் டோனுக்குக் காத்திரு" என்ற குறியை எடுத்துவிட்டு, கனெக்ட் அழுத்தலாம். மணி இல்லாததால் பை பக்கத்தில் ஏ-டி-ஏ-வை நீங்களே கொடுக்க வேண்டும்.