எஸ்.ஜி. அயர்ன்: கிரேடு கேட்கும் முன் பழைய பீஸைக் கொண்டு வாங்க

எஸ்.ஜி. அயர்ன் என்பது கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும், சட்டென்று உடையாத வார்ப்பிரும்பு. அதில் பீஸ் கேட்டுப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் என் மெஷின் ஷாப்புக்கு வருகிறவர்கள், சித்தூர்ப் பக்கத்து அரிசி மில்காரர்களானாலும் வாளையார் கிரஷர்காரர்களானாலும், "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். நான் முதலில் பழைய பீஸைக் கேட்பேன். உடைந்ததா, தேய்ந்ததா? கிரேடு அதிலிருந்துதான் தெரியும்.

கிரேடு 400/15 என்றால் இழுவிசை வலிமை 400 மெகாபாஸ்கல், உடையுமுன் 15 சதவீதம் நீளும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அடி வாங்கும் பிராக்கெட், ஹவுசிங்குக்கு 400/15 போதும். வார்த்தபடியே அந்த நீட்சி வராவிட்டால் 900 டிகிரியில் வைத்து உலையிலேயே மெல்ல ஆறவிடச் சொல்லுங்கள். கிராங்க்ஷாஃப்ட் மாதிரி வலிமை முக்கியமான இடத்தில் 700/2. அதற்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிடும் நார்மலைசிங்.

கியர் பல்லும் தேயக்கூடாது, அடியும் தாங்கணும் என்றால் ஆஸ்டெம்பரிங். 900 டிகிரி வாக்கில் சூடேற்றி, உடனே உருகிய உப்புத் தொட்டியில் இறக்கி, தொட்டியின் சூட்டிலேயே நிறுத்தி வைப்பார்கள். தொட்டி 360 டிகிரிக்கு மேல் இருந்தால் அடி தாங்கும், 900 மெகாபாஸ்கல் வலிமையுள்ள 900 கிரேடு. 300-க்குக் கீழே போனால் தேயாத 1400 கிரேடு, ஆனால் நீட்சி ஒன்றிரண்டு சதவீதம்தான்.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கிரஷர் பினியன் (சின்ன கியர்), 60 மில்லிமீட்டர் தடிமன். நாலாம் மாதம் ஒரு பல் வேரோடு பெயர்ந்தது. சர்டிபிகேட்டில் குறையே இல்லை. பினியனை அறுத்துப் பார்த்தோம்: மேல்தோலில் கடினம் பிரினெல் அளவில் 330, உள்ளே 250. காப்பர், நிக்கல் சேர்க்காத இரும்பு; அவ்வளவு தடிமனில் உப்பு நடுப்பகுதிச் சூட்டை வேகமாக இழுக்க முடியாமல் உள்ளே பியர்லைட் (ஆஸ்டெம்பர் ஆகாத சாதாரண அமைப்பு) ஆகிவிட்டது. சர்டிபிகேட்டுக்காகத் தனியே வார்த்துச் சோதித்த டெஸ்ட் பாரோ 25 மில்லிமீட்டர்! மெல்லிய பார் பாஸாகத்தானே செய்யும்?

அதனால் ஹீட் ட்ரீட்மென்ட் உண்டு என்பதை, பீஸின் அதிகபட்சத் தடிமனோடு, இரும்பு ஊற்றும் முன்பே பவுண்டரியில் சொல்லுங்கள். காப்பர், நிக்கல், மாலிப்டினம் எவ்வளவு என்பது உருகிய இரும்பு இருக்கும் லேடிலிலேயே முடிவாகிற விஷயம், பிறகு திருத்த வழியில்லை. பீஸ் அளவுத் தடிமனில் டெஸ்ட் பார் வார்த்து, பீஸோடு ஒரே கூடையில் தொட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கீவே (சாவி வெட்டு), டிரில் எல்லாம் ஆஸ்டெம்பருக்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு பீஸ் கடினமாகிவிடும். ஆஸ்டெம்பரில் பீஸ் கொஞ்சம் வளரும். ஒன்றை முதலில் அனுப்பி, திரும்பியதும் மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டுத்தான் மீதிப் பீஸ்களுக்கு நான் போர் (நடுத்துளை) அளவு வைக்கிறேன்.