கூலண்ட் டேங்க் மாற்றும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு காருக்குக் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் மாற்றினான். மேக்ஸ் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகி, "முடிஞ்சதுண்ணே" என்று சாவியை நீட்டினான். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நீட்டினேன். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

காற்றை வெளியேற்றாமல் வண்டியைக் கொடுப்பது

டேங்கைக் கழற்றும்போது ஹோஸில் இருக்கும் கூலண்டும் கொஞ்சம் ஒழுகிவிடும். அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். டேங்கில் அளவு சரியாகத் தெரியும். உள்ளே சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல் பகுதி) பக்கம் காற்று அடைத்து நிற்கும். டெம்பரேச்சர் சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். காற்றில் நின்றால், ஹெட் கொதிக்கும்போதுகூட மீட்டர் முள் பாதியைத் தாண்டாமல் இருக்கலாம்.

அன்று நான் கொடுத்த வண்டி செங்கல்பட்டு தாண்டி நின்றுபோனது. ஓட்டியவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார். அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், ஆயில் கூலண்டோடு கலந்து பால் டீ மாதிரி வந்தது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட்ட (வளைந்த பரப்பைச் சமமாகச் சீவிய) செலவை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மதிய வெயிலில் குழந்தைகளோடு ரோட்டோரம் நின்றிருந்தார் அந்த மனிதர். இன்றைக்கும் யாராவது இந்த வேலையைப் பாதியில் விட்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் திறந்துவைத்து, குமிழ் இல்லாமல் கூலண்ட் வரும்வரை ஊற்றி மூடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால், உள்ளே இன்னும் காற்று இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நன்றாக ஆறியதும் அளவு இறங்கியிருக்கும், அப்புறம் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

பழைய மூடி

புது டேங்குக்குப் புது மூடி.

ஹோஸ் கிளிப்

கம்பெனி ஸ்ப்ரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருகு கிளிப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார்கள். புது டேங்கின் பிளாஸ்டிக் மூக்கு அங்கேயே விரிசல் விடும். ஸ்ப்ரிங் கிளிப், ஹோஸ் சூட்டில் விரிந்தாலும் சுருங்கினாலும் கூடவே இறுக்கிப் பிடிக்கும். அதையே போடுங்கள்.

போர் தண்ணீர்

வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் பாதி, தண்ணீர் கலக்காத கூலண்ட் பாதி.

பழைய கூலண்ட்

வாசலில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கினால் கிட்னி போய்ச் செத்துவிடும். கேனில் பிடித்து மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.