ரிப்போர்ட் நார்மல்தான், ஆனால்...

தீயணைப்புப் பணியே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) புகையிலையும் இருக்கும் அதே முதல் பிரிவு. (சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் இந்தப் பிரிவு சொல்கிறது; எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று பொருளில்லை.) நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருக்கிறது.

தீயணைப்பு வீரர்களில் மருத்துவப் பரிசோதனைக்கே போகாதவர்களை விடுங்கள். போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, 'நார்மல்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடிவைப்பது. நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் குழாயைக் கவ்விக்கொண்டு முழு மூச்சையும் ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்றை, அதே வயதும் உயரமும் உள்ளவர்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தீயணைப்பு வேலைக்குச் சேருகிறவரின் நுரையீரல் பெரும்பாலும் சராசரியைவிட வலுவாகவே இருக்கும். 110-இல் இருந்தவர் 88-க்கு இறங்கினால், ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரிப்போர்ட்டில் அப்போதும் நார்மல்தான். சேர்ந்த புதிதில் எடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் இது கண்ணில் படும்.

2001-இல் உலக வர்த்தக மையம் இடிந்த பிறகு, நியூயார்க் தீயணைப்பு வீரர்களுக்கு இந்த அளவு ஒரே ஆண்டில் சராசரியாக 372 மில்லிலிட்டர் குறைந்தது. வயதாவதால் 12 ஆண்டுகளில் குறைய வேண்டியது அது. இடிவதற்கு முன்பே எடுத்துவைத்த ரிப்போர்ட்டுகள் இருந்ததால்தான் இதைக் கணக்கிட முடிந்தது.

அப்புறம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் அந்த விரல் கிளிப், அதாவது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். புகையிலிருந்து வெளியே வந்தவருக்குத் தலைவலி, குமட்டல். கிளிப்போ 98 சதவீதம் காட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏறியது என்றே அந்தக் கருவி எண்ணிக்கொள்ளும். ரத்தத்தில் இப்படி ஒட்டிய ஹீமோகுளோபினின், அதாவது கார்பாக்ஸிஹீமோகுளோபினின், அளவைப் பார்க்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. வெறும் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் அது பாதியாகிவிடும்.

மருத்துவமனைப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'அரசுப் பணி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எழுத்தராக இருந்தாலும் அதைத்தான் எழுதுவார்! எதிரே இருக்கும் டாக்டர் என்ன செய்வார்? என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம், மூச்சுக் கருவியை எப்போது கழற்றினோம் என்று ஒவ்வொரு பெரிய தீக்கும் இரண்டு வரி குறித்து வைத்தால் போதும். பலர் கருவியைக் கழற்றுவது தீ அணைந்த பிறகு இடிபாடுகளைக் கிளறும்போதுதான். பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் அப்போதும் காற்றில் இருக்கும்; பழைய கட்டடம் என்றால் கல்நார்த் தூசும் சேரும்.

சிறுநீரில் ஒருமுறை ரத்தம் வரும், வலி இருக்காது, தானாக நின்றும் விடும். சூடு என்று தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்பதால், தீயணைப்பு வீரருக்கு இது ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

புற்றுநோயை மட்டும் தேடி இதயத்தை விட்டுவிடுவதும் தவறு. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இதய நோயால் இறந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஓய்வு பெற்றதும் பரிசோதனையை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். மீசோதெலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். அதாவது, சீருடையைக் கழற்றி வெகுகாலம் கழித்து. அலுவலகத்தில் இருக்கும் மருத்துவ ஃபைலை, அந்த முதல் ஸ்பைரோமெட்ரி உட்பட, ஒரு நகல் எடுத்துக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.