ஐஸ்கிரீம் மீது பழி போடாதீர்கள்: சூடு, குளிர், பல் விரிசல்

கும்பகோணம் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் ரசம் ஆவி பறக்க வரும். இலையை மடித்துவிட்டு எழுந்தால் வாசலில் ஐஸ்கிரீம், அதை முடித்ததும் பீடா. மறுநாள் காலை கடைவாய்ப் பல் சுளீரென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்: “சூடாகச் சாப்பிட்ட வாயில் ஐஸைப் போட்டால் பல் விண்டுபோகாமல் என்ன செய்யும்?” கொதிநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் கீறல் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஆரோக்கியமான பல்லை ஐஸ்கிரீம் உடைப்பதில்லை. பீடாவில் இருந்த பாக்கையோ, சோற்றில் தப்பி வந்த ஒரு கல்லையோ விசாரிப்பதுதான் முறை.

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே கடினமான பொருள்; அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் சற்று நெகிழக்கூடியது. சூட்டில் இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஆகவே உள்ளே ஒரு இழுபறி இருப்பது உண்மை. அது பல்லைப் பிளக்கும் அளவுக்குப் போகாததற்குக் காரணம், நாக்கும் உதடும் பல்லுக்கு முன்பே தோற்றுவிடுவதுதான். கொதிக்கக் கொதிக்க டபராவில் விழும் டிகிரி காபியை யாரும் அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வதில்லை. உயரத் தூக்கி ஆற்றி, டம்ளர் விளிம்பில் உதட்டை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் மிடறு உள்ளே போகிறது.

பல வருடங்களில் எனாமலில் மயிரிழைக் கோடுகள் விழுவது உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பற்களில் செங்குத்தாகத் தெரியும். கடித்துக் கடித்துப் பழகிய பற்களில் இது சாதாரணம். வலி இல்லையென்றால் வைத்தியமும் தேவையில்லை. இதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ‘பல் உடைகிறது’ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள், உண்மையிலேயே பலவீனமான பல்லைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பலவீனமான பல் எது? சொத்தையைச் சுரண்டிவிட்டுப் பெரிதாக அடைத்த பழைய அடைப்பு (ஃபில்லிங்) உள்ள பல். வெள்ளி நிற அமால்கம் அடைப்பு, சூட்டில் பல்லைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதைச் சுற்றி மெல்லிய சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தால் சூடும் குளிரும் அந்தச் சுவரை அலைக்கழிக்கும். ஒருநாள் ஒரு கடி அதைச் சாய்த்துவிடும். இதைவிட மோசமானது, வேர் சிகிச்சை (ரூட் கேனல்) முடிந்தும் மேலே மூடி (கேப்) போடாமல் விட்ட கடைவாய்ப் பல். “வலிதான் போய்விட்டதே, குறுவை அறுத்ததும் போட்டுக்கொள்ளலாம்” என்பார்கள். குறுவை போய், சம்பாவும் போய், பல் வேர்வரை பிளந்த பிறகு வருவார்கள். அப்படிப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் அதோடு போகும்.

நன்னாரி சர்பத்தைக் குடித்து முடித்ததும் அடியில் கிடக்கும் ஐஸ் கட்டியை நறநறவென்று கடிப்பது இன்னொரு தவறு. அங்கே கெடுதல் செய்வது குளிர்ச்சி அல்ல, கடினம். பொரிவிளங்காய் உருண்டையும் அப்படித்தான். அதை உடைத்துச் சிறு துண்டாக வாயில் ஒதுக்கி ஊறவைத்துத் தின்பதே மரியாதை. கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைப்பவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுதான்: நம் தாத்தாக்கள் காரணமில்லாமல் பாக்குவெட்டி வைத்திருக்கவில்லை. சீவல் மெல்லியதுதான், பல் உடையாது. ஆனால் பாக்கு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமான பொருள் என்பதால் அதற்கும் என்னிடம் சிபாரிசு கிடையாது.

சூடும் குளிரும் பல்லை உடைப்பதைவிட, பல்லின் நிலையைச் சொல்லிக்கொடுப்பதே அதிகம். அதைக் கேட்கத் தெரிய வேண்டும். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் ஈறு இறங்கி டென்டின் வெளியே தெரிகிறது என்று பொருள். டென்டினில் உள்ள நுண்குழாய்களின் திரவம் அசைந்து உள்ளே நரம்பைச் சீண்டுகிறது. செங்கல் தூள், கரித்தூள் போட்டுப் பலம் கொண்ட மட்டும் தேய்த்தவர்களுக்கு இது சீக்கிரமே வரும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசை உதவும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாள் தேய்த்துவிட்டு, ‘பயனில்லை’ என்று அலமாரியில் போட்டுவிடக் கூடாது.

காபி குடித்து முடித்த பிறகும் வலி நின்று குடைந்தால் கதை வேறு. குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் வலி தணிகிறது என்ற நிலை வந்துவிட்டால், பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ் மீளாத அளவுக்கு வீங்கியிருக்கலாம். அப்போது கிராம்பு எண்ணெயோடு நாள் கடத்துவது தவறு. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆஸ்பிரின் ஈறைப் புண்ணாக்கிவிடும்.

விரிசலுக்கென்று ஓர் அடையாளம் உண்டு. கடிக்கும்போது இருப்பதைவிட, கடித்ததை விடும் கணத்தில் மின்னல் போல ஒரு வலி வரும். கீழ்க் கடைவாய்ப் பற்களில்தான் இது அதிகம். சோறு, இட்லிக்கு ஒன்றும் செய்யாது, முறுக்கில் காட்டும். உடனே மறுபக்கத்தில் மெல்லப் பழகிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அதற்குள் கீறல் ஆழமாகிறது. சீக்கிரம் போனால் ஒரு மூடியோடு பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சிதம்பரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எக்ஸ்ரேயில் இத்தகைய கீறல் பெரும்பாலும் தெரியாது. ஆகவே “எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை” என்று திரும்பிவிடாமல், எதைக் கடித்தபோது, எந்தப் பக்கம், விடும்போதா கடிக்கும்போதா என்று விவரமாகச் சொல்லுங்கள். மருத்துவர் ஒரு சிறு குச்சியைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொல்லி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.