டயர் ஒட்டிக்கொண்ட ஸ்ட்ராடோஸ் ஜீரோ

கும்பகோணத்தில் ஐப்பசி அடைமழை. அலமாரியில் இருந்த 1:43 அளவு (அசலில் 43-ல் ஒரு பங்கு) லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ மாடல் காரை எடுக்கப் போனால் டயர்கள், கார் நிற்கும் பிளாஸ்டிக் அடித்தட்டோடு உருகி ஒட்டியிருந்தன. பதறிவிட்டேன். 1970 டூரின் கண்காட்சிக்காக இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேயில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்த கார் அது. அசலே 84 செ.மீ. உயரம்தான்; என் மாடல் 2 செ.மீ.கூட வராது. என்ன அழகு!

மழைமீது பழி போட்டேன், தவறு. பிவிசி டயரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் கசிந்து அடித்தட்டை இளக்கிவிடுகிறது. நம் சித்திரை வெயில் அதை வேகப்படுத்தும்.

காரை அடித்தட்டோடு பிணைக்கும் திருகைக் கழற்றி, டயருக்கடியில் தையல் நூலை விட்டு மெதுவாக அறுத்தேன். கால் மணி நேரம். அப்புறம் காருக்கும் தட்டுக்கும் நடுவே வருமாறு திருகில் பித்தளை வாஷர் கோத்து மாட்டினேன். டயர் இப்போது ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிற்கிறது. மற்ற கார்களுக்கும் வாஷர் வாங்கிவிட்டேன்.