"மாவ்ஷி" என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள்: தத்துப்பிள்ளை கடல் கடந்து வீட்டுக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மகள் புனேயில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது அவளுக்கு மூன்றரை வயது. தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மராத்தி மட்டும்தான். முதல் மூன்று வாரம் என்னை "மாவ்ஷி" என்றே கூப்பிட்டாள். மராத்தியில் அம்மாவின் உடன்பிறந்தவளுக்கு அந்தப் பெயர். இல்லத்தில் சோறூட்டிக் குளிப்பாட்டும் ஆயாக்களையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானோ ஒவ்வொரு தடவையும் "அம்மா சொல்லு, அம்மா" என்று திருத்தினேன். தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அவள் அறிந்த பெயர் அது ஒன்றுதான். அவள் என்னை ஏற்றுக்கொண்ட சொல்லையே நான் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன். இது புரிந்தபோது மனசு கனத்துப் போயிற்று. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வீட்டில் எல்லோரும் உங்களை அம்மா என்று குறிப்பிட்டுப் பேசினால் போதும், அந்தச் சொல் தானாக வரும்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பெரிய தவறு கூட்டம். குழந்தை வந்த வாரமே பூஜை, விருந்து, சொந்தமெல்லாம் வந்து ஆளுக்கு ஒரு முறை தூக்கிக் கொஞ்சுவது. குழந்தையும் சிரித்தபடி எல்லோர் மடியிலும் ஏறும். "பாரேன், வேத்து முகமே இல்லை, எவ்வளவு சீக்கிரம் பழகிடுச்சு" என்பார்கள். அது பழக்கம் இல்லை. 1989 இறுதியில் ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி வீழ்ந்த பிறகு, அங்குள்ள இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன குழந்தைகளை குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 6 மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களில் கணிசமானோர் முன்பின் தெரியாதவர்களோடும் தயக்கமின்றிக் கிளம்பிப் போனார்கள். நம் இல்லங்களை, கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த ருமேனிய இல்லங்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆயா மாறும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, எந்தக் கை தன்னுடையது என்று தெரிய வழியே இல்லை.

அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் அப்பா அம்மா இருவர் கையால் மட்டுமே நடக்கட்டும். நம் குடும்பங்களில் இதைச் சொல்வது கஷ்டம்தான். என் மாமியார் திருச்சியிலிருந்து ஆசையாக வந்திருந்தார். "அத்தை, நீங்க பிசைஞ்சு குடுங்க, நான் ஊட்டறேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் முகம் வாடியதையும் பார்த்தேன். ஆகவே டிக்கெட் போடும்போதே காரணத்தை விளக்கிச் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் பழிபோல் கேட்கும்.

சாப்பாட்டில் கண்டிப்பு வேண்டாம். வயிறு முட்டியும் தட்டை விடாத பிள்ளைகள் உண்டு. தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கும் பிள்ளைகளும் உண்டு. அது திருட்டில்லை, அடுத்த வேளை வருமா என்ற பயம். கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் முறுக்கோ வாழைப்பழமோ எப்போதும் இருக்கட்டும். காலியானால் கேள்வி கேட்காமல் நிரப்புங்கள். பசி எப்போது, திகட்டல் எப்போது என்று அந்த உடம்பு கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும்.

தனியறை, புதுக் கட்டில், சுவரெல்லாம் பட்டாம்பூச்சி என்று ஆசைப்பட்டுச் செய்திருப்பீர்கள். வரிசைக் கட்டில்களில், பக்கத்துப் பிள்ளையின் மூச்சு கேட்க உறங்கியவளுக்கு அந்த அமைதியே பயம் தரும். உங்கள் கட்டிலருகே ஒரு மெத்தை போடுங்கள். போட்டு வந்த உடையை உடனே துவைக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்த வாசனை இந்த ஊரில் அதில் மட்டும்தான் இருக்கிறது.

மொழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளை வேகமாக ஆங்கிலம் பேசினால் நாம் பூரித்துப் போகிறோம். பழைய மொழி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பதில்லை. 3 முதல் 8 வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துப் போனவர்களை, வளர்ந்த பிறகு மொழி ஆய்வாளர் கிறிஸ்தோஃப் பாலியேவின் குழு சோதித்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வில், கொரிய மொழி வாக்கியங்களை அவர்களால் பிரெஞ்சுக்காரர்களைவிட மேலாக அடையாளம் காண முடியவில்லை. பழையது போய், புதியது இன்னும் வராத அந்த இடைக்காலத்தில் "வயிறு வலிக்குது", "பயமா இருக்கு" என்று சொல்லக்கூட வார்த்தை இருக்காது. அப்போது வரும் ஆங்காரத்தை அடம் என்று நினைத்துத் தனியாக மூலையில் உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மராத்தியில் பாணி என்றால் தண்ணீர், பூக் என்றால் பசி, நக்கோ என்றால் வேண்டாம். இப்படி இருபது சொற்களையாவது புறப்படும் முன்பே நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தாய்மொழியில் எப்படிப் பேசினாள், கோவையாகவா, திக்கித் திக்கியா என்று இல்லத்தில் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம். பின்னால் பேச்சுப் பயிற்சி தேவையா என்ற கேள்வி வரும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

உடல்நிலை பற்றி இரண்டு செய்திகள். முதுகிலும் இடுப்பிலும் பிறவியிலேயே நீலம் பாரித்த மச்சம் நம் குழந்தைகளில் பலருக்கு உண்டு. அதை அடிபட்ட காயம் என்று பள்ளியில் தவறாக எண்ணக்கூடும், எனவே முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே பதிவு செய்துவிடுங்கள். பெண் குழந்தை என்றால், சீக்கிரம் பூப்படையும் வாய்ப்பை மனதில் வையுங்கள். சுவீடனுக்குத் தத்துப் போன இந்தியச் சிறுமிகளிடம் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

காகிதங்களைக் கிடப்பில் போடாதீர்கள். தத்து முழுமையாக முடிந்து, பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்து, குழந்தை 18 வயதுக்குள் குடியேற்ற விசாவில் அவர்களோடு வாழ வந்தால் குடியுரிமை தானாகக் கிடைக்கும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அது, 2001 பிப்ரவரி 27இல் அமலுக்கு வந்தது. அன்றைக்கே 18 நிறைந்திருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்களில், கொரியாவிலிருந்து வந்தவர்கள் உட்பட, குடியுரிமை இல்லாமல் நின்றவர்கள் உண்டு. பெற்றோர் வாங்கிவைக்கத் தவறிய ஒரு காகிதத்துக்காக அந்தப் பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் தவித்தார்கள். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவுக்கு (CARA) அறிக்கை போக வேண்டும். அதற்காகச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, "எல்லாம் நல்லா போகுது" என்று மறைக்காதீர்கள். குழந்தை இரவெல்லாம் அழுகிறது, எனக்கே அழுகை வருகிறது, இன்னும் பாசம் ஊறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும், அதற்கும் சிகிச்சை உண்டு.

யாராவது குழந்தை காதுபட "கொடுத்து வச்சவ" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவள் ஒரு மொழியை, பக்கத்துக் கட்டில் தோழியை, தன் மாவ்ஷியை இழந்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த மாவ்ஷியின் படம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.