முகத்தின் நிழல் பக்கம் பச்சையடித்த சிக்கல் தீர்ந்த விதம்

சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) பொருத்திய ஒற்றை ஃபிளாஷில் எடுத்த உருவப்படங்களில், வெளிச்சம் படும் கன்னம் சரியாக இருக்க, நிழல் விழுந்த கன்னத்தில் மட்டும் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது. வைட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) மாற்றி நிழலைச் சரிசெய்தால், மறுபக்கம் ரோஜா நிறமாகிவிடும். சுவரின் நிறம் பிரதிபலிக்கிறதோ என்று கறுப்புத் துணி கட்டியும், சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைத் துணியை மாற்றியும் பயனில்லாமல் நாட்கள் வீணாயின.

படங்களைப் பார்த்த மூத்த கலைஞர் ஒருவர், "கருவிழியைப் பெரிதாக்கிப் பாருங்கள் தம்பி" என்றார். அங்கே சாஃப்ட்பாக்ஸின் சதுரத்துக்கு மேலே, தலைமயிர் அளவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஃபோகஸுக்காக எரியவிட்டிருந்த கூரை டியூப்லைட்தான் அது. ஃபிளாஷ் எட்டாத நிழலில் அதன் பச்சை கலந்த ஒளியே பதிவாகியிருக்கிறது.

டியூப்லைட்டின் ஒளி பதிவாகாதபடி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/60 நொடியிலிருந்து 1/160 ஆக்கி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 400-இலிருந்து 100-க்கு இறக்கி, அதற்கு ஈடாக ஃபிளாஷின் திறனை 1/16-இலிருந்து 1/4-க்கு ஏற்றினேன். பிறகு ஃபிளாஷை அணைத்து ஒரு சோதனைப் படம் எடுத்தபோது, அது முழுக் கறுப்பாக வந்தது. டியூப்லைட் எரிந்தாலும் இனிப் பாதகமில்லை. நிழல் சற்று அதிகமாகக் கறுத்ததால், சாஃப்ட்பாக்ஸுக்கு எதிர்ப்புறம், சட்டகத்துக்கு வெளியே, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினேன், அதுவே போதுமானதாக இருந்தது.